மூன்று மொழிகளில் ஒரு காய்ச்சல்: வாசகர் கேள்வி – பதில்

மாரி மழைக்கு முன்னர் வீடுகளுக்கு வரும் சுகாதாரப் பிரசுரங்களும் அறிவித்தல்களும் உங்களுக்கு எப்படி விளங்குகின்றன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்தே கூடுதலான கடிதங்கள் வந்ததால் இம்முறை அவற்றுக்கு மட்டும் விடை தரப்படுகிறது. விடை எழுதுபவர் இவ்விரு மாவட்டங்களிலும் சுகாதாரக் கல்விப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி (ஆசிரியை, களுவாஞ்சிகுடி): எங்கள் பாடசாலைக்கு வந்த டெங்குப் பிரசுரத்தை எட்டாந்தர மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இப்ப நாங்க என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள். மூன்று மொழிகளிலும் அச்சிடப்படும் பிரசுரங்களில் தமிழ்ப் பகுதி ஏன் இப்படி இருக்கிறது?

பதில்: பிரசுரத்தை எழுதியவர்கள் அச்சகத்துக்குப் போகுமுன் தங்களிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை உங்கள் மாணவி கேட்டிருக்கிறாள். இத்தகைய பிரசுரங்கள் பெரும்பாலும் கொழும்பில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. வைத்திய நிபுணர்கள் திருத்துகிறார்கள், படம் வரையப்படுகிறது, பக்க அமைப்பும் முடிகிறது; எல்லாம் ஆன பின்னர், அச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தமிழுக்கு ஆள் தேடுகிறார்கள். அவர் கைக்கு வருவது படமில்லாத வெறும் வாக்கியங்கள். சிங்கள வாக்கியம் பிடித்த இடத்துக்குள் தமிழும் அடங்க வேண்டும் என்பதால் எழுத்துச் சிறுக்கிறது. அச்சுப்படியைக் கடைசியாகப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், ஒற்றைக்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு இருப்பது அவர் கண்ணில் படாது. மொழிபெயர்ப்பாளரை நான் குறைகூறமாட்டேன். அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன்.

பிழையில்லாமல் எழுதப்பட்ட தமிழும் பயன்படாமற் போவதுண்டு. "திண்மக் கழிவுகளை முறையாக அகற்றுவதன் மூலம் நுளம்பு இனப்பெருக்கத் தளங்களை இல்லாதொழிப்போம்" என்ற பாணியிலான வாக்கியத்தில் இலக்கணம் சரியாகவே இருக்கிறது. யார், எப்போது, எதைச் செய்வது என்பதுதான் இல்லை. அதையே, "கிழமைக்கு ஒரு நாள் வளவைச் சுற்றிப் பாருங்கள், சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடியின் கீழ்த்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தண்ணீர் நின்றால் ஊற்றிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதலாம். முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும் என்பதால் கிழமைக்கு ஒரு நாள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தேய்த்தல். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் எட்டாந்தரப் பிள்ளை வீட்டில் போய்த் தானே விளங்கப்படுத்தும்.

டெங்குப் பிரசுரங்களில் எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. "காய்ச்சல் விட்டிட்டுது" என்பது நம் பேச்சில் நல்ல செய்தி. டெங்கிலோ, காய்ச்சல் விடும் வேளையிற்றான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, ஓரிரு நாட்களுக்குள் நோயாளி ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். "காய்ச்சல் தணியும் கட்டம் தீவிரக் கட்டமாகும்" என்று எழுதினால் ஒரு தாய் அதைத் தன் பிள்ளையோடு பொருத்திப் பார்க்கமாட்டார். "காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், சத்தியெடுத்துக்கொண்டே இருந்தால், சிறுநீர் குறைந்தால், அப்போதே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்" என்று எழுத வேண்டும். அதேபோல, "பரசிற்றமோல் தவிர்ந்த வலிநிவாரணிகளைத் தவிர்க்கவும்" என்பதைவிட, வீட்டில் புழங்கும் "பெனடோல்" என்ற சொல்லையும், கடையில் கேட்டு வாங்கும் இபுபுரோபன், டைக்ளோபெனக் ஆகிய பெயர்களையும் எழுதி, பின்னவை வேண்டாம் என்று சொல்வது பயன் தரும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவாகினர்; நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய ஓராண்டில் ஒரு வாக்கியத்தின் தெளிவு சிறிய விடயமல்ல.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் அதுவே. முறைப்பாட்டை 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். அனுப்பும்போது பிழையை மட்டும் சுட்டாமல், அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் மாணவர்களைக் கொண்டு எழுதுவித்து இணைத்துவிடுங்கள்.

கேள்வி (கடை உரிமையாளர், ஓட்டமாவடி): ஐயா, 2020இல் கொவிட் பற்றி எங்கள் ஊருக்கு வந்த அறிவித்தல்கள் நல்ல தமிழிலேயே இருந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். இருந்தும் சனங்கள் சோதனைக்குப் போகப் பயந்தார்கள். மொழியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

பதில்: நம்பவில்லை. கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதற்கும் இடமளித்திருந்தது. "அறிகுறி இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்" என்ற வாக்கியத்தை உங்கள் ஊர் மூதாட்டி ஒருவர் வாசித்தபோது, அதனடியில் அச்சிடப்படாத இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தே வாசித்திருப்பார்: போனால், மௌத்தான பிறகு ஜனாஸா பிள்ளைகளின் கைக்குக் கிடைக்காது. அந்த இரண்டாவது வாக்கியத்தை எந்த மொழிபெயர்ப்பாளராலும் நீக்க முடியாது. 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி மாற்றப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி முதல் உங்கள் அயலிலுள்ள மஜ்மா நகரில் அடக்கங்கள் நடந்ததையும், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டதையும் நீங்கள் கண்ணால் கண்டவர். 2024 ஜூலையில் மன்னிப்புக் கோருவதற்கு அமைச்சரவை தீர்மானித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்.

இதற்கு ஒப்பான ஒரு பாடம் கொவிட்டுக்கு ஆறாண்டுகள் முன்னரே மேற்கு ஆபிரிக்காவில் கிடைத்திருந்தது. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது முதலில் வந்த செய்திகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமே கூடுதலாக இருந்தன. கிராமங்களில் பேசப்பட்டவையோ கிசி, மெண்டே, தெம்னே போன்ற மொழிகள். "எபோலா கொல்லும், மருந்தில்லை" என்ற பயமுறுத்தலைக் கேட்டவர்கள், மருந்தில்லாத இடத்துக்கு ஏன் நோயாளியைக் கொண்டு போக வேண்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே இறந்தவரின் உடலைத் தொட்டுக் கழுவுவதால் நோய் உண்மையாகவே பரவியது. ஆகவே கட்டுப்பாடு தேவையாகவும் இருந்தது. ஆயினும் மூடிக் கட்டி எடுத்துப் போகும் குழுக்களைக் கண்டு மக்கள் உடல்களை ஒளித்ததால், 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் நடைமுறையை மாற்றி, பாதுகாப்போடு கண்ணியத்தையும் சேர்த்தது. குடும்பத்தினர் பங்குகொள்ளவும் இமாமோ போதகரோ பிரார்த்தனை செய்யவும் வழி வகுக்கப்பட்டது. அந்தக் கொள்ளைநோயில் 28,600 பேருக்கு மேல் நோயுற்று, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு சொல். பள்ளிவாசலும் கோயிலும் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்பதால் அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கச் செய்வது வழக்கமாகிவிட்டது. எழுதுவதற்கு முன்னரே மௌலவியையும் கோயில் நிர்வாகியான வண்ணக்கரையும் அழைத்து, "உங்கள் ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?" என்று கேட்டிருந்தால், வாசிக்கக் கொடுக்கும் தாளில் எழுதப்பட்டிருக்கும் விடயமே வேறாக இருந்திருக்கும்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், சம்மாந்துறை): பெரும்போக வேலை தொடங்கும்போது தரப்படும் எலிக்காய்ச்சல் குளிசையை வாப்பா எடுக்க மறுக்கிறார். "என்னை எலி கடிக்கவுமில்லை, எனக்குக் காய்ச்சலுமில்லை" என்கிறார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: உங்கள் வாப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, பெயர் அவரை ஏமாற்றுகிறது. எலிக்காய்ச்சல் என்றால் எலி கடித்து வருவது என்றே எவரும் நினைப்பார்கள். சிங்களத்தில் வழங்கும் "மீ உண" என்ற பெயரும் எலியையே சுட்டுவதால் அங்கும் இதே மயக்கம் உண்டு. நோய்க் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமன்றி மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இருந்து, வயல் நீரிலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு காயம், வெடிப்பு வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போகிறது. "எலிக்காய்ச்சல் பரவுகிறது, அவதானம்" என்ற பதாகையில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. "காலில் காயத்தோடு வயலுக்குள் இறங்காதீர்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தாலே அவர் நின்று வாசித்திருப்பார்.

அடுத்த சிக்கல், நோய் வருமுன் குளிசை எடுப்பது என்ற எண்ணம். நம் பேச்சில் குளிசை என்பது வருத்தக்காரருக்கு உரியது. ஆனால் புல் முளைத்த பின் அடிக்கும் மருந்து ஒன்று, முளைக்குமுன் அடிக்கும் மருந்து வேறொன்று என்பதை உங்கள் வாப்பா உங்களைவிட நன்றாக அறிவார். டொக்ஸிசைக்ளின் குளிசை இங்கே இரண்டாவது வகை என்று சொல்லிப் பாருங்கள். சேற்றில் வேலை செய்யும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் என்பதே வழமையான அளவு. அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ கேட்டறிந்து, சாப்பாட்டுக்குப் பின்னர் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தாமாக எடுக்கக்கூடாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நொந்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால், வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "நான் வயலில் வேலை செய்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றோ வைரஸ் காய்ச்சல் என்றோ எண்ணி ஓரிரு நாட்கள் வீணாகக்கூடும்.

சொல்லும் இடமும் தவறாகவே இருக்கிறது. பணிமனைச் சுவரில் ஒட்டிய அறிவித்தலை, விடியுமுன் வயலுக்குப் போய் வாடியிலேயே தங்கிவிடும் மனிதர் எப்போது பார்ப்பார்? தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு அவர் கட்டாயம் போவார். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டைவிதானை சொல்வதைக் கேட்பார். அம்பாறை மாவட்டம் சுகாதார நிர்வாகத்தில் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியங்களாகப் பிரிந்திருக்கிறது, வாய்க்காலோ ஒன்றுதான். சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சிங்களக் குடியேற்றங்களின் வயல்களைக் கடந்தே உங்கள் வட்டைகளுக்கு வருகிறது. ஒரே வாய்க்காலின் மேற்பகுதிக்கு ஒரு மாதத்திலும் கீழ்ப்பகுதிக்கு இன்னொரு மாதத்திலும் வெவ்வேறு சொற்களில் அறிவித்தல் போவதில் பொருளில்லை. இரு மொழி அறிவித்தலும் ஒன்றாக எழுதப்பட்டு, தண்ணீர் திறக்கும் நாளில் ஒன்றாகவே வெளிவர வேண்டும்.

கேள்வி (வாகரை): தமிழ்நாட்டில் செய்யப்பட்ட நல்ல சுகாதார வீடியோக்கள் வட்ஸ்அப்பில் வருகின்றன. தமிழ்தானே, அவற்றையே எங்கள் கழகத்தின் மூலம் பரப்பினால் என்ன?

பதில்: பார்த்துப் பரப்புங்கள். "கொசு" என்றால் நுளம்பு என்பது படம் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்; "வெறிநாய்" என்றால் விசர்நாய் என்பதும் தெரியும். ஆபத்து, தெரிந்த சொல்போலத் தோன்றி வேறு பொருள் தருபவற்றில் இருக்கிறது. அங்கே சின்னம்மை எனப்படுவது இங்கே கொப்புளிப்பான். இங்கே சின்னமுத்து எனப்படுவதோ வேறொரு நோய், அங்கே அதைத் தட்டம்மை என்பார்கள். சின்னமுத்துக்கு எதிரான ஊசி நம் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் கிளினிக்கில் இலவசமாகப் போடப்படுகிறது. கொப்புளிப்பானுக்கான ஊசி தேசியத் திட்டத்தில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்ட தாய் ஒருத்தி தவறான ஊசியைத் தேடி அலைவாள், அல்லது உள்ள ஊசியே போதும் என்று இருந்துவிடுவாள். இன்னொன்று: அந்த வீடியோக்களின் முடிவில் அம்புலன்ஸுக்கு 108ஐ அழைக்கச் சொல்வார்கள். இங்கே அழைக்க வேண்டிய எண் 1990.

கேள்வி (தம்பிலுவில்): கொப்புளிப்பான் வந்த வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று துண்டுப்பிரசுரம் அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குத் திருக்குளிர்த்தி செய்யும் ஊருக்கு அந்தச் சொல்லோடு ஒரு பிரசுரம் வந்தால், முதல் வரியிலேயே கிழித்தெறியப்படும். எறிபவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன். வேப்பிலை கட்டுவதாலோ மச்சம் சமைக்காமல் இருப்பதாலோ நோயாளிக்குக் கேடில்லை. வெளியாட்கள் வராமல் வீட்டை ஒதுக்கி வைப்பது தொற்றைக் குறைக்கவே செய்கிறது. அவற்றை ஒத்துக்கொண்டு, அதன் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, பிறந்து சில நாளேயான குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவரோ இருந்தால் தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வந்தால், கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே மருந்தெடுப்பது நல்ல பலன் தரும். மூச்சு வாங்கினாலோ மயக்கமாக இருந்தாலோ தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள்வரை காத்திருக்கக்கூடாது. பூசகர் ஒருவர் இதைச் சொல்ல முன்வந்தால் பிரசுரமே தேவைப்படாது.

கேள்வி (தாதி உத்தியோகத்தர், அம்பாறை நகரம்): கரையோர ஊர்களிலிருந்து வரும் தமிழ் பேசும் நோயாளர்களுக்கு, சில வேளைகளில் கூட வந்த பள்ளிக்கூடப் பிள்ளையே மொழிபெயர்க்கிறது. இது சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் இரவு விடுதியில் வேறு வழியில்லாத நிலை உங்களுக்கு இருக்கும் என்பதும் தெரியும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஆறு பேர் தமிழர்களோ முஸ்லிம்களோ ஆவர்; ஆகவே இது என்றோ ஒருநாள் வரும் சங்கடமல்ல. தன் தாயின் மாதவிடாய்க் கோளாறை ஒரு மகன் எப்படி வைத்தியரிடம் சொல்வான்? "நெஞ்சு எரியுது", "நெஞ்சு நோகுது", "நெஞ்சை அடைக்குது" ஆகிய மூன்றையும் பிள்ளை "பப்புவே அமாருவ" (நெஞ்சில் சுகமில்லை) என்று ஒரே சிங்களச் சொற்றொடரில் முடித்துவிடும். உங்கள் விடுதியில் அடிக்கடி கேட்கப்படும் இருபது கேள்விகளை எடுத்து, தமிழ்க் கேள்வியைச் சிங்கள எழுத்திலும் சிங்களக் கேள்வியைத் தமிழ் எழுத்திலும் எழுதி ஒரு மட்டையில் ஒட்டுங்கள். மருந்து கொடுத்து அனுப்பும்போது "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், எவரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்; "வீட்டில போய் இதை எப்படி எடுப்பீங்க, ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்" என்று கேளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகரம்): பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழியிலும் பிரசுரம் வேண்டாமா? கரையோர வேடர்களுக்கு?

பதில்: அம்மொழியைக் காப்பது வேறு பணி, அதை நான் மதிக்கிறேன். சுகாதாரச் செய்திக்கு, பறங்கியரும் கரையோர வேடரும் தமிழை நன்கறிந்தவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருப்பது போக்குவரத்தும், வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும். காது கேளாதோருக்கான சைகை மொழியில் நம்மிடம் மிகச் சிறிதளவே இருக்கிறது என்பதை நீங்கள் கேட்டிருந்தால், நீண்ட விடை எழுதியிருப்பேன்.

கேள்வி (இளைஞர் கழகம், பெரியகல்லாறு): வெள்ளக் காலத்துக்காக ஒரு பிரசுரம் எழுதியிருக்கிறோம். பேச்சுத் தமிழில், "மறுகா" (பிறகு) போன்ற சொற்களையும் போட்டு எழுதினால் மக்களுக்கு நெருக்கமாக இருக்குமா? அச்சிடுமுன் சரிபார்ப்பது எப்படி?

பதில்: "மறுகா" எனக்கும் இனிக்கும் சொல். வானொலியிலோ கூத்திலோ வரட்டும். அச்சில் போட்டால், நம்மைக் கேலி செய்கிறார்களோ என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். சொற்கள் வீட்டில் புழங்குபவையாகவும் வாக்கியம் எழுத்துத் தமிழாகவும் இருக்கட்டும்.

சரிபார்ப்பதற்கு நான் பிழைவிட்ட கதையையே சொல்கிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது முகாம்களில் வயிற்றோட்டம் தொடங்கியதும், ஓர் இரவில் நானே தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். எந்த மொழியிலிருந்தும் பெயர்க்கப்படாதது; நல்ல தமிழ் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. "ஒரு லீற்றர்" என்றால் விளங்காது என்று நானே முடிவுகட்டி, "ஜீவனிப் பொதியை ஒரு போத்தல் கொதித்தாறிய நீரில் கலக்கவும்" என்று எழுதினேன். ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்கு ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை. மூன்றாம் நாள் ஒரு முகாமில் தாய் ஒருவரிடம் எப்படிக் கலக்கிறீர்கள் என்று கேட்டேன். நிவாரணத்தில் வந்த ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டினார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் சாராயப் போத்தலில் கலந்திருந்தார். அது 750 மில்லிலீற்றர். ஒருவருக்கு மருந்து நீர்த்துப் போயிற்று, மற்றவருக்கு உப்புக் கூடிப் போயிற்று, இருவரும் நான் எழுதியதையே பிசகாமல் செய்திருந்தார்கள்.

ஆகவே அச்சகத்துக்குப் போகுமுன் உங்கள் கழகத்தைச் சேராத ஐந்து பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது வாசிக்கத் தெரியாதவராக இருக்கட்டும், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் சொன்னதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கள் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பில் போத்தல் இல்லை; முகாம்களில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருந்த 200 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் கோப்பையை ஐந்து தடவை வரிசையாக வரைந்து, ஐந்தாவதன் பக்கத்தில் பொதியை வரைந்திருந்தோம்.